மருத்துவ மாணவரும் மறுவாழ்வு மருத்துவமும்

உயிரைக் காத்தல் மருத்துவத்தின் முதற் கடமை என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. காத்த உயிரை வீட்டிலும் வீதியிலும் தொழிலிலும் மீண்டும் நிலைபெறச் செய்தலும் மருத்துவரின் கடமையே என்பதை உலகம் உணர்ந்தது அண்மைக் காலத்திலேதான். பக்கவாதம் கண்டவர் தம் கையால் உண்பதற்கும், தண்டுவடம் முறிந்தவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அலுவல் பார்ப்பதற்கும், கால் இழந்தவர் செயற்கைக் காலால் நடப்பதற்கும் வழிகாட்டும் துறையையே மறுவாழ்வு மருத்துவம் என்கிறோம். இத்துறை நம் நாட்டில் வேரூன்றிய வரலாற்றையும், அது மருத்துவ மாணவரின் கண்ணுக்குப் பெரிதும் எட்டாமல் நிற்கும் நிலையையும் இங்கே காண்போம்.

இத்துறை வளரப் போரே காரணமாயிற்று. முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் காயமுற்ற வீரருள் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் மாண்டனர். இரண்டாம் போரின்போது, 1944-இல், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் அத்தகையோர்க்கான தனிப்பிரிவை ஏற்று நடத்தினார். இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தல் போன்ற எளிய முறைகளால் அவர் பலரைப் பிழைக்கச் செய்தார். 1948-இல் அவர் அங்குத் தொடங்கிய விளையாட்டுப் போட்டியே பின்னர்ப் பாராலிம்பிக் விழாவாக வளர்ந்தது. அதே 1944-இல் நம் நாட்டில், புனே நகரில், படைவீரர்க்கான செயற்கை உறுப்பு நிலையம் தோன்றியது. 1955-இல் மும்பையில் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிலையம் நிறுவப்பெற்றது.

ஆயினும் இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடும் பகுதி வேலூரில் நிகழ்ந்தது. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தும் முறையை அங்கு வளர்த்தார். அக்கல்லூரியில் பயின்ற இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பிராண்டிடம் கை அறுவை பயின்று, தொழுநோயாளர் பலர்க்குக் கைகளை மீட்டுக் கொடுத்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். அதன்பின் நியூயார்க் சென்று, இத்துறையின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க் என்பாரிடம் முறையாகக் கற்றார். தாயகம் திரும்பி வேலூரில் இத்துறையின் தலைமையை ஏற்றார். நோயாளர் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966-இல் அங்குத் திறக்கப்பெற்றது. 1972-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இங்கு ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். மேரி வர்கீஸ் மருத்துவக் கல்வியை முடித்துப் பட்டம் பெற்றவர். எனினும் மறுவாழ்வு என்பதன் முழுப் பொருளையும் அவருக்கு உணர்த்தியது கல்லூரியன்று, விபத்தே ஆகும். ஒருவர் தம் உடலை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடத்தை, அவர்க்குப் பின் வரும் மாணவர் வகுப்பிலும் வார்டிலும் கற்க வழி செய்தலே அறிவுடைமை.

பெங்களூரில் வாழும் நம்மவர்க்கு இத்துறை அயலானதன்று. 1954-இல் இங்குத் தோன்றிய அகில இந்திய மனநல நிலையமும் பழைய மனநல மருத்துவமனையும் 1974-இல் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. பக்கவாதத்தாலும் தண்டுவட நோயாலும் செயலிழந்தோர்க்கென அங்கு நரம்பியல் மறுவாழ்வுத் துறை இயங்குகின்றது. 1963-இல் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலும் மறுவாழ்வு மருத்துவத் துறை உண்டு. மருத்துவமனைக்கு வெளியே, 1959 முதல் மாற்றுத்திறனாளர் நலச் சங்கம் ஒன்று கல்வியும் தொழிற்பயிற்சியும் அளித்து வருகின்றது. ஆகவே மாணவரை அழைத்துச் சென்று காட்டுதற்கு இந்நகரில் இடமில்லை என்று எவரும் கூற இயலாது.

பாடத்திட்டத்தின் நிலை வேறு. 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டம், மாணவர் பெறவேண்டிய திறன்களுள் மறுவாழ்வு மருத்துவத்தையும் சேர்த்தது. ஆனால் 2023-இல் வெளிவந்த கல்லூரி விதிகள், கட்டாயமாக இருக்க வேண்டிய துறைகளின் பட்டியலில் இதனை விட்டுவிட்டன. அதே ஆண்டு மே மாதத்தில்தான் உலக நலப் பேரவை, மறுவாழ்வுச் சேவையை வலுப்படுத்துமாறு நாடுகளை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. துறையே இல்லாத கல்லூரியில் மாணவர் யாரிடம் கற்பது? தாம் காணாத துறைக்கு நாளை நோயாளியை எங்ஙனம் அனுப்புவது?

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வாழும் தமிழ் முதியவர் ஒருவர் பக்கவாதத்தால் பேச்சை இழக்கின்றார் எனக் கொள்வோம். உயிர் தப்பினார் என்ற அளவில் மருத்துவர் விடை கொடுத்தனுப்பினால், அவர் வீட்டின் ஒரு மூலையில் முடங்குவார். மாணவப் பருவத்தில் சில வாரங்களேனும் மறுவாழ்வுப் பிரிவில் பழகிய மருத்துவரோ, வீட்டு வாயிலில் படிகள் எத்தனை, முன்பு செய்த தொழில் யாது, வீட்டில் பேசும் மொழி எது என்றெல்லாம் வினவுவார். பேச்சுப் பயிற்சி தாய்மொழியில் அமைதல் எத்துணை இன்றியமையாதது என்பதை அறிந்து, அதற்குரியவரிடம் காலந்தாழ்த்தாது அனுப்புவார். அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வினாவின் அருமை நன்கு விளங்கும்.

நம் பிள்ளைகளுள் மருத்துவம் பயில்வோர் பலர். அவர்கள் அனைவரும் இத்துறையின் வல்லுநர் ஆக வேண்டுவதில்லை. ஆனால் நோயாளி மருத்துவமனையின் வாயிலைக் கடந்தபின் என்ன ஆகின்றார் என்பதை ஒருமுறையேனும் அவர்கள் அருகிருந்து காணல் வேண்டும். அதற்கு வாய்ப்பளிக்குமாறு கல்லூரிகளை நாமும் கேட்போமாக.