நாகர்கோவிலில் வாழ்ந்த நாயகி

மலையாளத் திரையின் முதல் நாயகி நம் நாகர்கோவிலில் வாழ்ந்து மறைந்தார் என்பதை நம்மில் பலர் அறிந்திலோம். அகத்தீசுவரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல் தம் சொத்தை விற்று எடுத்த ஊமைப்படம் ‘விகதகுமாரன்’. தமிழும் மலையாளமும் விரவிய காக்காரிசி நாடகத்தில் நடித்துவந்த பி. கே. ரோசியை அதில் சரோஜினி என்னும் நாயர் பெண்ணாக அவர் நடிக்கவைத்தார். ரோசி புலையர் குலத்தவர்.

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் திரையிடப்பெற்றது. ஆண்டு 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். ஒரு புலையப் பெண் நாயர் மகளாகத் தோன்றுவதா எனக் கொதித்தோர் திரையின்மீது கல்லெறிந்தனர். பின்னர் அவர் குடிசைக்கும் தீயிட்டனர். லாரி ஒன்றில் ஏறித் தப்பிய ரோசி, அதன் ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து, இராசம்மாள் என்னும் பெயரில் இவ்வூரில் குடும்பம் நடத்தினார். மறுபடி நடிக்கவில்லை.

டேனியலும் கடனில் மூழ்கி, 1975இல் அகத்தீசுவரத்தில் வறியராய் மறைந்தார். அவர் பெயரால் கேரள அரசு 1992 முதல் விருது வழங்குகிறது. அது தக்கதே. ரோசிக்கோ முகம்கூட எஞ்சவில்லை. படச்சுருள் அழிந்துவிட்டது, அவருடையதென வழங்கும் ஒரே மங்கிய நிழற்படமும் ஐயத்திற்குரியது.