மின்னேட்டில் ஸ்ரீகோசம்

பூர்வாசார்யர்களின் வியாக்யான வரலாறு, அவற்றைத் தாங்கிய ஓலைகளின் வரலாறுமாகும். நஞ்சீயர் திருவாய்மொழிக்கு அருளிச்செய்த ஒன்பதினாயிரப்படியை நன்றாக எழுதித் தரும்படி வரதராஜரிடம் கொடுத்தருள, அவர் காவிரியை நீந்திக் கடக்கையில் அந்த ஸ்ரீகோசம் வெள்ளத்தில் போயிற்று. தாம் கேட்ட அர்த்தங்களைக் கொண்டே அவர் மீண்டும் எழுதி ஸமர்ப்பிக்க, நஞ்சீயர் மிகவுகந்து ‘நம்பிள்ளை’ என்று அழைத்தருளினார் என்பது குருபரம்பரைச் செய்தி. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்யானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப் போக, போன பகுதிக்கு மட்டும் மணவாள மாமுனிகள் உரையிட்டருளினார். இரண்டிடத்தும் குறையைத் தீர்த்தது வேறொரு பிரதியன்று. ஆசார்யன் பக்கல் கேட்டறிந்தவர்களின் ஞானமே.

வெள்ளமும் செல்லும் தீண்டாத பிரதிகளை உண்டாக்கும் வசதி இக்காலத்தில் வந்துள்ளது. 2003இல் இந்திய அரசு தேசிய சுவடி இயக்கத்தைத் தொடங்கியது. 2004இல் பிரிட்டிஷ் நூலகத்தைச் சார்ந்து, அழிவுறும் ஆவணங்களைப் படமெடுத்துக் காக்கும் திட்டம் தோன்றியது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அச்சு நூல்களையும் சுவடிகளையும் இணையத்தில் வைத்துள்ளது. முன்பு ஊரூராகச் சென்று பார்க்க வேண்டியிருந்த பிரதிகள் சிலவற்றை இன்று இருந்த இடத்திலேயே ஒப்புநோக்கலாம்.

ஆயினும் படமெடுத்த அளவில் பாடம் காக்கப்பட்டதாகாது. ஒரே கட்டில் ரஹஸ்யம், தனியன், வியாக்யானத்தின் ஒரு பத்து ஆகியவை கலந்திருத்தல் உண்டு. பட்டியலில் முதல் நூலின் பெயர் மட்டும் ஏறினால் மற்றவை இருந்தும் இல்லாதவையாம். மணிப்ரவாள நூல் கிரந்தலிபியில் இருப்பது கண்டு வடமொழி வரிசையில் சேர்த்துவிட்டால், தமிழில் தேடுவார்க்கு அது அகப்படாது. கிரந்தலிபி யூனிகோடு முறையில் இடம்பெற்றதே 2014இல்தான். படத்திலுள்ள எழுத்தை ஒருவர் படித்துப் பெயர்த்தெழுதினாலன்றிச் சொல்லைத் தேடவும் இயலாது.

இங்கு முன்னோர் முறை ஒன்று கருதத்தக்கது. ‘படி’ என்பது 32 எழுத்துக் கொண்ட கிரந்தக் கணக்கு. ஆறாயிரப்படி முதல் ஈடு முப்பத்தாறாயிரப்படி வரை, நூலின் பெயரே அதன் அளவைச் சொல்லும். ஓலையின் நீளமும் வரிகளும் சுவடிதோறும் வேறுபடுமாதலால், ஏடுகளின் எண்ணிக்கை மட்டும் கொண்டு நூல் முழுமையாக உள்ளதா என்று அறிய முடியாது. கிரந்த அளவையும் குறித்தால் குறை உடனே புலப்படும்.

ஆகவே திருமாளிகைகளில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீகோசங்களைப் படமெடுக்கும்போது, கட்டுக்குள் உள்ள நூல்கள் யாவும், முதலும் முடிவும், எழுதினவர் பெயரும் காலமும் காட்டும் இறுதிக்குறிப்பும், விடுபட்ட ஏடுகளும் உடன் பதியப்படவேண்டும். இதைச் செய்யவல்லார் கிரந்தலிபியும் ஸம்ப்ரதாய அர்த்தமும் ஒருங்கே அறிந்தவர்களே. அவர்கள் நாளுக்குநாள் அருகி வருகின்றனர். ஓலையைப் பின்னும் படமெடுக்கலாம். அதைப் படிக்கவல்லாரின் காலம் கழிந்தால் படம் இருந்தும் பயனில்லை. நம்பிள்ளையின் கையில் ஏடு போயிற்று, அர்த்தம் நின்றது. ஏடு நின்று அர்த்தம் போகும் காலம் வாராதபடி காப்பது இத்தலைமுறையின் கடமையாகும்.