மழை வந்தால்தான் வெளியே வரும்... செங்காந்தள் சீஸனுக்கு ரெடியா?

செங்கல்பட்டு பக்கம் ஏதாவது ஒரு குன்றில் மே மாதம் ஏறினால் கண்ணில் படுவது சுடுகிற பாறை, காய்ந்த புல், முள் புதர். ``இங்க பார்க்க என்ன இருக்கு?'' என்று இறங்கி வந்துவிடுவோம். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த பிறகு அதே மாதிரி ஒரு குன்றுக்குப் போய்ப் பாருங்கள். முள் புதரின் தலையில் தீப்பற்றிய மாதிரி, மஞ்சளும் சிவப்புமாக ஒரு பூ நிற்கலாம். செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். மே மாதமும் அது அங்கேதான் இருந்தது. மண்ணுக்குக் கீழே, கிழங்காக.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு `காட்டுப்பூ' என்றதும் ஊட்டி, மூணாறுதான் ஞாபகம் வரும். நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்து 2030 என்று குறித்து வைத்திருப்பவர்களும் உண்டு. அவ்வளவு காத்திருக்க வேண்டாம் பாஸ். ஒரு வீக் ஆஃப், ஒரு பைக், கொஞ்சம் டைமிங் இருந்தால் வருஷா வருஷம் பார்க்க நம் பக்கத்திலேயே பூக்கள் இருக்கின்றன. மூன்றில் டைமிங்தான் கஷ்டம்.

காரணம், நம் வட்டாரத்து மழைக் கணக்கு. ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களில் அவ்வப்போது ஓர் இடிமழை, அவ்வளவுதான். பாறை இடுக்கில் ஒரு சாண் மண்ணில் வாழும் செடி வருஷம் முழுக்க இலையோடு நின்றால் காய்ந்தே செத்துப்போகும். அதனால் சில செடிகள் சாப்பாட்டையும் தண்ணீரையும் கிழங்கிலோ, வெங்காயம் மாதிரியான அடித்தண்டிலோ சேர்த்து வைத்துக்கொண்டு, மேலே இருப்பதையெல்லாம் உதிர்த்துவிடுகின்றன. மண்ணுக்குள் ஒரு பவர் பேங்க் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மழை பெய்ததும் மண்ணைப் பிளந்து வந்து, பூத்து, காய்த்து, சில மாதங்களில் கடையைச் சாத்திவிடும்.

செங்காந்தளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பூவைத் தேடாதீர்கள்; முதலில் இலையைத் தேடுங்கள். இலையின் நுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாக மாறியிருக்கும். அதைவைத்துத்தான் பக்கத்துப் புதரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. அப்படி இலை நுனி சுருண்ட கொடி தெரிந்தால், அடுத்த சில வாரங்களில் அங்கே மொட்டு வர வாய்ப்பு அதிகம்.

பூ தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி நெளிந்து நிற்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடி மஞ்சள் நுனி சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் கிடைக்கும், போட்டோவுக்கு செம. கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், பூவின் நடுவிலிருந்து சூல்தண்டு மட்டும் சட்டென்று பக்கவாட்டில் வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும். வேறு காட்டுக்கொடியோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

பெயர்களும் நிறைய. கிழங்கு ஏர்க்கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. கொங்குப் பக்கம் கண்வலிக் கிழங்கு. கார்த்திகையில் பூப்பதால் ஈழத்தில் கார்த்திகைப்பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் பட்டியல் இதில்தான் தொடங்குகிறது. ஜிம்பாப்வேக்கும் இதுதான் தேசிய மலர். ஸ்டேட்டஸ் போட இதெல்லாம் உதவும்.

ஆனால், ஒரு விஷயம் சீரியஸ். இந்தச் செடி முழுக்க கால்சிசின் என்ற நச்சு இருக்கிறது; கிழங்கிலும் விதையிலும் அதிகம். கவுட் எனப்படும் மூட்டுவாத நோய்க்கு மருந்தாகும் அதே பொருள், அளவு தப்பினால் ஆளைக் கொல்லும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். மோசமான பகுதி என்னவென்றால், தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பிக்கும். `நல்லாத்தானே இருக்கான்' என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். காட்டில் பிடுங்கிய எந்தக் கிழங்கையும் வாயில் வைக்க வேண்டாம் என்பதை ட்ரெக் குரூப்பில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மற்ற மாதங்களில்?

பங்குனி வெயிலில் வரும் ஆள் நரிவெங்காயம். இலையே இல்லாமல் ஒரு குச்சி மட்டும் தரையிலிருந்து நிற்கும். அதில் மங்கிய வெள்ளையும் பழுப்புமாகச் சின்னப் பூக்கள் தொங்கும். சாயங்காலத்துக்கு மேல்தான் விரியும் என்பதால் பகலில் பார்ப்பவர்கள் காய்ந்த குச்சி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். இலை பிறகுதான் வரும். இதுவும் விஷம், இதயத்தைத் தாக்கும்.

கோடை மழை இரண்டு பெய்தால் காட்டுச்சேனை தலைநீட்டும். பார்ப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும், அழுகிய இறைச்சி நாற்றம். ஈயையும் வண்டையும் மகரந்தச் சேர்க்கைக்கு வரவழைக்க அது போடும் வேஷம் அது. இதே சமயத்தில், வெள்ளை இதழ்களுக்கு நடுவில் ஒரு கிண்ணம் வைத்த மாதிரி தரையோடு பூப்பது பாங்க்ரேஷியம். அபார்ட்மென்ட் தொட்டிகளில் மழைக்குப் பூக்கும் பிங்க் நிற `ரெயின் லில்லி'யோடு இதைக் குழப்ப வேண்டாம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, இது நம் மண்ணுடையது.

எனக்கு இந்தக் கூட்டத்திலேயே பிடித்தது நிலப்பனை. தென்னங்கன்று மாதிரி குட்டி இலைகள், அடியில் மண்ணை ஒட்டி நட்சத்திரம்போல ஒரு மஞ்சள் பூ. சூல்பை மண்ணுக்குள்ளேயே இருக்கும், காயும் அங்கேயே. குனிந்து பார்த்தால்தான் தெரியும். விஷ்ணுகிராந்தியின் குட்டி நீலப்பூ, ஆவாரை, இலையுதிர்த்த மரத்தில் பிப்ரவரி, மார்ச்சில் மஞ்சளாகக் கொட்டிக்கிடக்கும் கோங்கு இவையெல்லாம் போகிற வழியிலேயே கிடைக்கும் போனஸ்.

எங்கே போகலாம்?

சுலபமானது திருக்கழுக்குன்றம் வேதகிரி மலை. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு வழியாக பைக்கில் ஒன்றரை மணி நேரம். ஐநூற்றுச் சொச்சம் படிகள்; படி ஓரத்துப் பாறை இடுக்குகளைப் பார்த்துக்கொண்டே ஏறலாம். நைட் ஷிப்ட் முடித்த கையோடு கிளம்பாதீர்கள். தூங்கி எழுந்து மறுநாள் காலை போங்கள், அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் அதிகம்.

நடக்க வேண்டும் என்பவர்களுக்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி நீர்த்தேக்கம் பக்கம் உள்ள குடியம் குகைப் பாதை. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய `ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் இதுவும் ஒன்று. ஆன்லைனில் புக் செய்தால் வழிகாட்டியோடு போகலாம். தனியாக, அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியாது. கோடையில் தீ அபாயம் என்று பாதைகளை மூடினால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. நரிவெங்காயத்தை அந்த மாதங்களில் கோயில் மலைகளில் தேடிக்கொள்ளலாம். லாங் வீக் எண்ட் கிடைத்தால் செஞ்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது, ராஜகிரிக்கு விடிந்ததும் ஏறிவிடுவது நல்லது.

போன இடத்தில் பூவைப் பறிப்பதைவிட மோசமானது கிழங்கைத் தோண்டுவது. வீட்டுத் தொட்டியில் வைக்க ஆசையாக இருக்கும். ஆனால், விதையிலிருந்து முளைக்கும் செங்காந்தள் பூக்கவே மூன்று, நான்கு வருஷம் ஆகும். காப்புக்காட்டில் தோண்டினால் 1882-ம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றமும்கூட. ஆசை இருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் இதை விதைக்காகப் பயிரே செய்கிறார்கள். பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்யும் வேலை அது. அங்கே விளைந்த கிழங்கை வாங்கலாம். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் அதுவும் வேண்டாம்.

பெயர் தெரியாத பூவா? இலை, பூ, முழுச் செடி என்று மூன்று படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் போடுங்கள். தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். கிழங்குச் செடி என்றால் லொக்கேஷனை மறைத்துப் போடுங்கள். மருந்துக்குத் தோண்டுகிறவர்களும் போன் வைத்திருக்கிறார்கள்.

மலைக்கே போக வேண்டும் என்றும் இல்லை. சிப்காட்டைச் சுற்றி இன்னும் புல்டோசர் ஏறாத புதர்க்காடும் ஏரிக்கரையும் மிச்சமிருக்கின்றன. ரியல் எஸ்டேட் போர்டில் அதற்கு `காலி மனை' என்று பெயர். மே மாதம் பார்த்தால் காலியாகத்தான் தெரியும். ஒருமுறை மேல்மண்ணை வழித்து லாரியில் ஏற்றிவிட்டால் கிழங்கும் அதோடு போய்விடும். அடுத்த ஐப்பசி எவ்வளவு பெய்தாலும் முளைக்க அங்கே எதுவும் இருக்காது. உங்கள் கம்பெனி பஸ் போகும் வழியில் அப்படி ஓர் இடம் இருந்தால் இந்த மழைக்கே ஒரு நடை போய்ப் பார்த்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

அக்டோபரைத் தவறவிட்டால் ஜனவரியில் போங்கள். அப்போது கொடி காய்ந்திருக்கும். காய் வெடித்து உள்ளே சிவப்பு விதைகள் தெரியும். விதையைத் தொடாமல் இடத்தை மட்டும் போனில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த சீஸனில் தேடுகிற வேலை மிச்சம்.