இஸ்காளும் ஜெசிகாவும்

ஜெசிகா என்ற பெயர் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் வழியாகவே ஆங்கில உலகில் பரவியது என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. ஆதியாகமம் 11:29இல் வரும் இஸ்காளே அதன் மூலம் என்பதையும் பெரும்பாலோர் ஏற்கின்றனர். சிக்கல் இதற்கு அடுத்த படியில்தான் தொடங்குகிறது. அங்கே நெடுநாளாக நிலவும் வாதம் இது: எபிரேயத்தில் இஸ்காள் என்றால் 'பார்ப்பவள்'. நாடகாசிரியர் அதைத் தெரிந்தே வைத்தார். ஜெசிகாவைச் சன்னலோரம் நிறுத்தியதும் அதனால்தான். இன்றைய பெற்றோரை ஈர்ப்பதும் அந்தப் பொருளே. மூலம் பற்றிய பகுதியை நானும் ஏற்கிறேன். பொருள் பற்றிய பகுதிக்கு முன்வைக்கப்படும் சான்றுகள், என் வாசிப்பில், எதிர்ப்பக்கமே சாய்கின்றன.

நாடகத்தின் யூதப் பெயர்களை ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டும். தன் தந்தை ஷைலாக் தூபாலிடமும் கூஷிடமும் சத்தியம் செய்ததைக் கேட்டதாக ஜெசிகாவே மூன்றாம் அங்கத்தில் சொல்கிறாள். தூபால் ஆதியாகமம் 10:2இலும், கூஷ் 10:6இலும் வருகிறார்கள். 10:24இன் சாலாவே ஷைலாக் ஆனான் என்பது ஊகம்தான். அதைத் தள்ளிவைத்தாலும் குறையில்லை. இஸ்காள் அடுத்த அதிகாரத்தில் இருக்கிறாள். நாடகத்தில் பெயர் மட்டும் சொல்லப்படும் லேயாள் சற்றுத் தள்ளி, 29ஆம் அதிகாரத்தில். வம்சவரலாற்றுப் பட்டியல் ஒன்றைத் திறந்து, காதுக்குப் பிடித்த பெயர்களை எடுத்துக்கொண்ட ஒருவரின் கைத்தடம் இது. தூபாலுக்கும் கூஷுக்கும் சொற்பொருள் தேடி அதை நாடகத்தோடு பொருத்திக் காட்ட முனைவோர் அரிது. ஜெசிகாவுக்கு மட்டும் அந்தச் சலுகை ஏன்?

அந்தச் சொற்பொருளும் அத்தனை உறுதியானதல்ல. வேதாகமத்தில் இஸ்காளுக்கு ஒரே ஒரு வசனம்தான்: ஆரானின் மகள், மில்க்காளின் சகோதரி. அவள் பேசுவதில்லை, எதையும் செய்வதில்லை. 'பார்த்தல்' என்ற பொருள் தால்மூதின் மெகில்லா 14அ பகுதியில் துலங்குகிறது. இஸ்காளே சாராள் என்று அங்கே நிறுவ வேண்டியிருக்கிறது. அதற்காக, பரிசுத்த ஆவியால் அவள் கண்டாள் என்று ஒரு விளக்கமும், அவள் அழகை எல்லாரும் கண்டார்கள் என்று இன்னொரு விளக்கமும் தரப்படுகின்றன. ஒரே பெயருக்குக் காண்பவள், காணப்படுபவள் என்று இரண்டையும் ஏற்றுவது வேதவிளக்க மரபு. அதைச் சொற்பிறப்பியல் என்று கொள்வதற்கில்லை. 1869இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் வேதாகமப் பெயர்ப் பட்டியலோ இதே பெயருக்கு 'அபிஷேகம் பண்ணுகிறவன்' என்று பொருள் தருகிறது. 'கடவுள் பார்க்கிறார்' என்று இன்றைய பெயர்ப் புத்தகங்கள் அச்சிடும்போது, பெயரில் வெளிப்படையாக இல்லாத கடவுளும் உள்ளே வந்துவிடுகிறார். ஈசாக்கு, யாக்கோபு போல இங்கும் கடவுள் என்ற எழுவாய் மறைந்து நிற்கலாமே என்று கேட்கலாம். நிற்கலாம்; அது இஸ்காளின் விவகாரம், ஜெசிகாவின் விவகாரமல்ல.

1560இன் ஜெனிவா வேதாகமம் இந்த வசனத்தின் ஓரக்குறிப்பில், இஸ்காளைச் சாராய் என்று சிலர் கருதுவதாகச் சொல்கிறது. எலிசபெத் காலத்து ஆங்கில வாசகருக்கு யூத மரபின் சாயல் இவ்வாறு எட்டியதற்கு இது நல்ல சான்று. ஆனால் எட்டியது ஆள் அடையாளம் மட்டுமே. 'பார்த்தல்' அந்தக் குறிப்பில் இல்லை.

எஞ்சுவது சன்னல். இரண்டாம் அங்கம், ஐந்தாம் காட்சி: முகமூடி ஊர்வலத்தின் மேளமும் குழலும் கேட்டால் சன்னலில் ஏறித் தெருவை எட்டிப் பார்க்காதே என்று ஷைலாக் மகளை எச்சரிக்கிறான், எப்படியும் பாருங்கள் என்று வேலைக்காரன் லான்சலட் காதோடு சொல்லிவிட்டுப் போகிறான். படிக்கச் சுவையான இடம்தான். ஆனால் அந்நாளைய மேடையில் காதலுக்குரிய பெண் சன்னலில் தோன்றாமல் இருந்தால்தான் வியப்பு. ஜூலியட் தோன்றுகிறாள். 'வெரோனாவின் இரு கனவான்க'ளில் சில்வியாவின் சன்னலடியில் பாட்டே நடக்கிறது. அவர்கள் பெயருக்குப் 'பார்த்தல்' என்று பொருளில்லை. அடுத்த காட்சி அந்த வாதத்துக்கு இதைவிடச் சங்கடமானது. ஆண்வேடத்தில் மேல்தளத்தில் நிற்கும் ஜெசிகா, இரவாக இருப்பதும், காதலன் லொரென்சோ தன் கோலத்தைக் காண முடியாததும் நல்லதென்கிறாள். காதலுக்குக் கண்ணில்லை என்றும் சொல்கிறாள். பெயர்ப்பொருளே பாத்திரத்தை இயக்குகிறது என்றால், அந்த முக்கியத் தருணத்தில் அது தலைகீழாக இயங்கியது என்றாகிவிடும்.

பெயர் ஈசாயிலிருந்து வந்தது என்போரும் உண்டு. தூபாலும் கூஷும் பக்கத்திலேயே இருக்க, தாவீதின் தந்தை வரை போக வேண்டியதில்லை.

பெயர் செல்வாக்குப் பெற்ற கதைக்கும் இந்தப் பொருள் உதவுவதில்லை. பழைய ஏற்பாட்டுப் பெயர்களைத் தேடித் தேடி வைத்த பியூரிட்டன் குடும்பங்கள் ஜெசிகாவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1867இல் நூலாக வெளிவந்த ஹெஸ்பா ஸ்ட்ரெட்டனின் 'ஜெசிகாவின் முதல் ஜெபம்' லட்சக்கணக்கில் விற்றது. அதில் வரும் ஏழைச் சிறுமியும் ஒரு காலத்தில் நாடகக் கொட்டகையில் தேவதை வேடம் கட்டியவளே. பக்தி நூலுக்குள்ளும் அந்தப் பெயர் அரங்க வாசனையோடுதான் நுழைகிறது. அமெரிக்கப் பெண்குழந்தைப் பெயர்ப் பட்டியலில் 1970 முதல் 1984 வரை ஜெனிபர் முதலிடம். அதை இறக்கிவிட்டு 1985இல் ஜெசிகா ஏறியது. 1990 வரை அசையவில்லை, 1993 முதல் 1995 வரை மறுபடியும் முதலிடம். முதல் ஓசை அப்படியே இருக்க மீதி மாறியது. அந்தப் பெற்றோர் மெகில்லாவைப் புரட்டினார்கள் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

தமிழ் வழக்கு இதற்கு இன்னும் நேரான சான்று. சாராள், ரெபெக்காள், ராகேல் ஆகியவை தமிழ் வேதாகம வடிவத்திலேயே தலைமுறைகளாகப் பிள்ளைகளுக்கு இடப்பட்டவை. இஸ்காளும் அதே வேதாகமத்தில், சாராளுக்கும் ரெபெக்காளுக்கும் உள்ள அதே 'ஆள்' ஈற்றோடு நிற்கிறாள்; அந்தப் பெயரை வைத்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜெசிகாவோ சபைக்குச் சபை உண்டு. பெயரின் வேதமூலம் வீட்டில் தெரியாது. பொருள் கேட்டால் பெயர்ப் புத்தகத்தில் பார்த்துச் சொல்வார்கள். ஜெபம், ஜெயம் என்ற சொற்களால் ஏற்கெனவே பழகிய 'ஜெ' வரிசையில், ஜெபராஜ், ஜெனிபர், ஜெனிட்டாவுக்குப் பக்கத்தில், அது சுலபமாகப் பொருந்திக்கொண்டது என்பதே என் துணிபு. இதைச் சரிபார்க்கச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் போதும்: ஜெசிகாக்களின் உடன்பிறந்தோர் பெயர்களை முதலெழுத்துவாரியாக எண்ணி, அதே ஆண்டுகளின் சாராள்களுடைய உடன்பிறந்தோரோடு ஒப்பிட வேண்டும். முன்னதில் 'ஜெ' மிகுந்திருக்கவில்லை என்றால் என் வாதத்தின் இந்தப் பகுதியைக் கைவிடலாம்.