கப்பலேறி வந்த வாத்தியார்: ரெம்பாவ் தோட்டப் பள்ளிகளும் தமிழும்



நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரெம்பாவ் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். எனக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் மன்னார்குடியை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து 1937ஆம் ஆண்டு கப்பலேறி வந்தவர். அப்போது அவருக்கு வயது இருபது; எட்டாம் வகுப்புத் தேறியிருந்தார். தோட்டத்தில் கிராணியாக இருந்த உறவினர் எழுதிய கடிதமொன்றே அவருக்குக் கிடைத்த பணி ஆணை. அவர் கையில் பயிற்சிச் சான்றிதழ் எதுவும் இருக்கவில்லை. 1972இல் ஓய்வு பெறும்வரை அவர் அந்த வட்டாரத்தை விட்டு நீங்கவில்லை.

நம் நாட்டுத் தமிழ்க்கல்வியின் வரலாற்றைச் சொல்லும்போது சட்டங்களையும் அறிக்கைகளையும் வரிசைப்படுத்துவது வழக்கம். வேலை தேடிக் கடல் கடந்து வந்து, தொடக்கப்பள்ளி ஆசிரியராக நின்றுவிட்ட மனிதர்களைப் பற்றி அவ்வரலாறு மிகக் குறைவாகவே பேசுகிறது. இன்றைய உரை அவர்களைப் பற்றியது. பள்ளிக் கட்டடத்தைச் சட்டம் தந்தது. அதனைத் தமிழ்ப்பள்ளியாக்கியவர்கள் இவர்களே என்பது என் கருத்து.

பத்துப் பிள்ளைகள் என்னும் எண்ணிக்கை

மலாயாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கத்தை 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்போடு சேர்த்துச் சொல்கிறோம். ஆனால் தோட்டப் பள்ளி வேறொரு காரணத்தால் எழுந்தது. நெகிரி செம்பிலான், பேராக், சிலாங்கூர், பகாங் ஆகிய நான்கும் ஐக்கிய மலாய் நாடுகளாக இருந்த காலத்தில், 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் ஒரு கடமையை விதித்தது. பள்ளி செல்லும் வயதுடைய பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் நிருவாகம் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என்பதே அது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மீண்டும் உறுதிசெய்தது.

இவ்விதி கல்விச் சட்டத்தில் இல்லை, தொழிலாளர் சட்டத்தில் இருந்தது என்பதை மாணவர்கள் கருதவேண்டும். குடும்பத்தோடு வரும் தொழிலாளரை ஈர்த்து நிறுத்துவதற்கான ஏற்பாடுகளுள் ஒன்றாகவே பள்ளி கருதப்பட்டது. ஆகவே பள்ளியின் தரத்தையும் ஆசிரியரின் தகுதியையும் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. தொடக்கத்தில் கங்காணியோ கிராணியோ எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஓய்ந்த வேளையில் கற்பித்ததுண்டு. மலாய்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்க 1922இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி எழுந்தது. தமிழ்ப்பள்ளிக்கு அத்தகைய கல்லூரி இல்லை. சீனப் பள்ளிகள் சீனத்திலிருந்து ஆசிரியர்களை வரவழைத்ததுபோல், தோட்டங்களும் தமிழகத்தை நோக்கின.

வந்தவர் யார்?

தமிழகத்தில் எட்டாம் வகுப்பு முடித்த இளைஞருக்கு நிலமும் இல்லை, அரசுப் பணியும் எளிதில் வாய்க்கவில்லை. மலாயாவில் உறவினர் ஒருவர் இருந்தால் வழி பிறந்தது. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறுவர். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்ற கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இத்தடத்தில் ஓடி, மேல்தளப் பயணிகளை ஆயிரக்கணக்கில் ஏற்றிவந்தது. பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, தொடர்வண்டியில் சிரம்பானைக் கடந்து ரெம்பாவ் நிலையத்தில் இறங்குவர். அதன்பின் தோட்டத்து மண்சாலைதான். எங்கள் ஆசிரியர் வந்த வழியும் இதுவே.

1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் உடலுழைப்புத் தொழிலாளரின் குடியேற்றத்தைத் தடைசெய்தது. தம் செலவில் பயணம் செய்யும் எழுத்தறிந்தோர் வருகை அதனோடு நின்றுவிடவில்லை.

வந்தவருக்குக் கிடைத்த பள்ளி பெரும்பாலும் ஒரே அறை, தகரக் கூரை, பக்கத்தில் ஆயாக் கொட்டகை. ஆறு வகுப்புக்கும் ஓர் ஆசிரியர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பால்மரம் வெட்டச் சென்றுவிடுவர். மூத்த பெண்பிள்ளை, இடுப்பில் தம்பியோடு பள்ளிக்கு வருவாள். அல்லது வரவே மாட்டாள். ஆசிரியர் லயத்துக்கு லயம் சென்று பிள்ளைகளை அழைத்துவருவார். இதில் அன்பும் இருந்தது, அச்சமும் இருந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் பள்ளி நிலைக்காது. பள்ளி நிலைக்காவிடில் அவருக்கு வேலை இல்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்து தொழிலாளர் பெருந்தொகையாகத் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டபோது, இவ்வச்சம் எத்தனை உண்மையானது என்பது தெரிந்தது.

அவர்களைக் குறையற்றவர்களாக நான் காட்டவில்லை. பிரம்பையே பெரிதும் நம்பியவர்கள் இருந்தனர். ஊர்ச் சாதியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களும் இருந்தனர். நிருவாகத்தின் ஊதியத்தில் வாழ்ந்ததால், கூலிச் சிக்கல் எழும்போது வாய்மூடி நிற்கவேண்டிய நிலையும் இருந்தது. ஆயினும் தொழிலாளியின் கடிதத்தை எழுதியவரும், ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னவரும் அவரே. 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’, 1935இல் தோன்றிய ‘தமிழ் முரசு’ ஆகிய இதழ்கள் பல தோட்டங்களில் ஆசிரியரின் குரல் வழியாகவே மக்களை அடைந்தன.

வகுப்பறைத் தமிழும் லயத்துத் தமிழும்

என் துறை மொழியியல். ஆதலால் ஆசிரியரின் மொழிப்பணியைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

தோட்டத்தில் கூடியவர்கள் ஒரே தமிழைப் பேசியவர்கள் அல்லர். சேலம், வட ஆர்க்காடு, திருச்சி, தஞ்சை எனப் பல வட்டாரத்தார் ஒரே லயத்தில் வாழ்ந்தனர். தெலுங்கும் மலையாளமும் பேசிய குடும்பங்களும் இருந்தன. அவர்தம் பிள்ளைகள் பலர் அருகில் இருந்த தமிழ்ப்பள்ளியிலேயே பயின்று, அடுத்த தலைமுறையில் தமிழ் பேசுவோராயினர். வேலையிடம் வேறு சொற்களைத் தந்தது. ‘கிராணி’யும் ‘மண்டோ’ரும் மலாய் வழி வந்தவை, மண்டோரின் மூலம் போர்த்துகீசியம். ‘லயம்’ ஆங்கிலச் சொல்லின் திரிபு. ‘பெரட்டு’ என்பதும் ‘பரேடு’ என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததென்பர். மறுபுறம், ‘கப்பல்’, ‘கடை’ ஆகிய நம் சொற்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே மலாயில் ‘காப்பால்’, ‘கெடாய்’ என வழங்கலாயின.

இக்கலப்புச் சூழலில் எல்லோர்க்கும் பொதுவான எழுத்துத் தமிழை நாள்தோறும் ஒலித்துக் காட்டியவர் ஆசிரியர் ஒருவரே. லயத்தில் ‘வாளப்பளம்’ என்று சொல்லிய நாங்கள் வகுப்பில் ‘வாழைப்பழம்’ என்று சொல்லப் பழகினோம். எங்கள் ஆசிரியர் வீட்டுப் பேச்சைப் பழித்ததில்லை. “அது அம்மாவோட பேசுற தமிழ், இது அம்மாவுக்குக் கடிதம் எழுதுற தமிழ்” என்பார். இரட்டை வழக்கு என்னும் மொழியியற் கருத்தைப் பின்னாளில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, அதனை முன்பே எட்டு வயதில் கேட்டிருந்தது என் நினைவுக்கு வந்தது.

பாடநூலில் ஒரு குறை இருந்தது. போருக்கு முந்திய நூல்கள் தமிழகத்திலிருந்து வந்தவை. அவற்றில் காவிரி இருந்தது. கண்ணெதிரே நின்ற பால்மரம் இல்லை. அக்குறையைத் தம் வாய்மொழியால் நிரப்பிய ஆசிரியர்களும் உண்டு. நிரப்பாமல் ஊர்நினைவிலேயே மூழ்கியவர்களும் உண்டு. இந்நாட்டுச் சூழலுக்கேற்ற பொதுப் பாடத்திட்டம் 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையின் பின்னரே உறுதி பெற்றது.

கதவு அடைந்த பின்

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத்து ஆடவர் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். போருக்குப் பின் பள்ளிகள் மீண்டும் எழுந்தன. ஆனால் 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், சிறப்புத் தகுதியும் உயர்ந்த ஊதிய ஒப்பந்தமும் உடையோர்க்கே பெரும்பாலும் இடமளித்தது. தோட்டப் பள்ளி ஆசிரியரின் ஊதியம் அந்த அளவை எட்டாது. உறவினர் கடிதத்தை நம்பிக் கப்பலேறிய காலம் முடிந்தது.

தமிழ்ப்பள்ளிக்கு அதுவே பெருஞ்சோதனை. வெளியிலிருந்து ஆசிரியர் வாராமற்போனால் வகுப்பில் நிற்கப்போவது யார்? முன்னர் வந்தவர்களிடம் பயின்ற பிள்ளைகளே அதற்கு விடையாயினர். அவர்கள் வார இறுதிப் பயிற்சி வகுப்புகளிலும், விடுதலையை ஒட்டித் தோன்றிய பகல்நேரப் பயிற்சி நிலையங்களிலும் சேர்ந்து ஆசிரியராயினர். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அத்தனை பள்ளிகளையும் தாங்கிய ஆசிரியர் கூட்டம் ஓரிரு ஆண்டுகளில் உருவாகியிருக்க முடியாது. எங்கள் பள்ளியிலேயே எனக்கு நான்காம் வகுப்பு எடுத்தவர், முதல் வகுப்பு எடுத்த முதியவரின் மாணவர்.

வந்தவர் எல்லோருக்கும் முடிவு நலமாக அமையவில்லை. குடியுரிமை பெறாதோர்க்கு 1969ஐ ஒட்டி வேலை உரிமம் கட்டாயமானபோது, முப்பது ஆண்டு உழைத்த பலர் தாயகம் திரும்ப நேர்ந்தது. ஒரு தோட்டம் கைமாறித் துண்டாடப்பட்டால், பணிப்பதிவேடும் காணாமற்போகும். எங்கள் ஆசிரியர் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றிய முதல் தோட்டத்தில் அவர் பெயரைத் தாங்கிய ஒரு தாளும் பின்னர் கிடைக்கவில்லை. ஓய்வுக்கால உதவி கேட்டு விண்ணப்பித்தபோது அந்தப் பதினைந்து ஆண்டுகளை அவரால் மெய்ப்பிக்க முடியவில்லை. அவர் சான்றாகக் காட்டியது, அங்கு பயின்ற மாணவர் எழுவரின் கையெழுத்து. அலுவலகம் அதனை ஏற்கவில்லை.

நம் கையிலுள்ள பணி

இன்று நாட்டில் 500க்குச் சற்று மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளே உள்ளன. ரெம்பாவ் வட்டாரத்தில் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனையும் குடியிருப்பும் வந்துவிட்டன; செம்போங்கில் தொழிற்பேட்டை எழுந்துள்ளது. லயங்கள் இடிந்தபோது அவற்றோடு பெட்டிப் பெட்டியாகக் காகிதங்களும் போயின.

ஆகவே ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, உங்கள் பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேடோ வருகைப் பதிவேடோ இருந்தால், இவ்வாண்டிலேயே ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். இரண்டாவது, எண்பது வயதைக் கடந்த முன்னாள் மாணவர்களைத் தேடி, அவர்தம் முதல் ஆசிரியர் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, யார் அழைத்து வந்தார் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் பேசும் தமிழையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். மூன்றாவது, பள்ளி மலர் வெளியிடும்போது நன்கொடையாளர் பட்டியலுக்கு முன்னால் ஆசிரியர் பட்டியலை அச்சிடுங்கள்.

எங்கள் ஆசிரியரின் பெயருக்கு நேரே விடுபட்ட அந்தப் பதினைந்து ஆண்டுகளை இனி எந்த அலுவலகமும் சேர்க்கப்போவதில்லை. நம் பதிவுகளிலாவது அவை இடம்பெறட்டும்.