தாய்சேய் நல வழிகாட்டல்: சென்னையும் தென்புறநகரும்

தாய்சேய் நல வழிகாட்டல் என்பது, கருவுற்ற பெண்ணுக்கும் புதிதாகப் பெற்றோரானவர்களுக்கும் எதை உண்பது, எப்போது பரிசோதனைக்குப் போவது, எப்படிப் பாலூட்டுவது, எந்த வாரத்தில் எந்தத் தடுப்பூசி போடுவது என்பவற்றைச் சொல்லிக்கொடுக்கும் முறைகளின் பொதுப்பெயர். சொல்பவர் மருத்துவச்சியாக இருந்திருக்கிறார், மாமியாராக இருந்திருக்கிறார், செவிலியராக இருந்திருக்கிறார். இப்போது கைப்பேசியும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. சென்னையிலும், அதன் தெற்கே தாம்பரம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை வட்டாரத்திலும் இம்முறைகள் மாறிவந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது. பீர்க்கன்கரணை ஜிஎஸ்டி சாலையோரம் ஏரியை ஒட்டி வளர்ந்த ஊர். நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்தது. 2021இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது அதில் இணைந்த ஐந்து பேரூராட்சிகளுள் இதுவும் ஒன்று.

மருத்துவமனைக்கு முந்தைய காலத்தில் வழிகாட்டல் முழுவதும் பெண்களின் வாய்வழி அறிவாக இருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில், ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதம் வளைகாப்பு, பிரசவத்துக்கு ஊர் மருத்துவச்சி, பெற்றவளுக்குப் பத்தியம், பால் சுரக்கப் பூண்டும் பால்சுறாப் புட்டும், குழந்தைக்கு உரைமருந்து, காலை நீட்டி அதில் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்ட ஒரு பாட்டி. இவற்றில் நல்லவை பல. பெற்றவளுக்குக் கட்டாய ஓய்வு கிடைத்தது, பக்கத்தில் எப்போதும் ஆள் இருந்தது. தீயவையும் இருந்தன. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, குடும்பத்தில் மதிப்புள்ள ஒருவர் கையால் சர்க்கரைத் தண்ணீரைச் சேனை வைப்பது அவற்றில் முதன்மையானது. பிறந்த குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய முதல் நோய்த்தடுப்பு அப்படித்தான் மண்ணில் போனது.

மருத்துவமனை சார்ந்த வழிகாட்டலின் தொடக்கம் 1844. அவ்வாண்டு சென்னையில் நிறுவப்பட்ட பிரசவ மருத்துவமனையே இன்றைய எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை. பத்தாண்டு கழித்து 1854இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தரும் பள்ளி சென்னையில் தொடங்கியது. ஆனாலும் ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்றிருந்த வீடுகளின் பெண்கள் அங்கே வரவில்லை. அந்தத் தடையைப் பார்த்துத்தான் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி 1885இல் சாதி இந்துப் பெண்களுக்கும், திரைமறைவில் வாழ்ந்த கோஷாப் பெண்களுக்குமான மருத்துவமனையைத் தொடங்கினார். இப்போது திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று எல்லோரும் அறிந்திருப்பது அதுவே. பெண் மருத்துவர் இருந்தால்தான் பெண்கள் வருவார்கள் என்ற எளிய கணக்கு சரியாகவே பலித்தது.

அதே மருத்துவமனையில் 1931இன் தொடக்கத்தில் லூசி வில்ஸ் என்ற ஆய்வாளர் பணியாற்றினார். கர்ப்பிணிகளின் கடுமையான இரத்தசோகைக்குக் காரணம் தேடிப் பம்பாயிலும் குன்னூரிலும் அலைந்தவர் அவர். மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைத் தீர்ப்பதை அவர் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருள் பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது. கருவுற்ற முதல் மாதங்களில் இன்று எல்லாப் பெண்களுக்கும் எழுதித்தரும் சின்ன மாத்திரையின் வரலாற்றில் திருவல்லிக்கேணிக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த மாத்திரையை வாங்கிச் செல்லும் எத்தனை பேருக்கு இது தெரியும்!

1922இல் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்குத் தனித் துறை உருவாயிற்று. 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் தாய்சேய் நலத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியது. இவ்வகைச் சட்டத்தில் இந்தியாவில் இது முன்னோடி. இதே காலத்தில் எழும்பூரில் பணியாற்றிய ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் எழுதிய மகப்பேற்று மருத்துவப் பாடநூல் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கியது. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியும் தம் பணியை எழும்பூரில்தான் தொடங்கினார். அவர் பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டத்தைப் பின்னர் காண்போம்.

தென்புறநகருக்கு இவ்வரலாற்றில் தனி இடம் தருவது தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் விடுதி 1937இல் அரசின் கைக்கு வந்தது. காசநோய் கண்ட தாய் குழந்தையைத் தொடலாமா, பால் கொடுக்கலாமா என்ற கேள்விகள் இப்பகுதிக் குடும்பங்களுக்கு ஏட்டுக் கேள்விகளாக இருந்ததில்லை. குழந்தை பிறந்தவுடன் இடது தோளில் போடும் பிசிஜி ஊசியை இந்தியாவில் தயாரிக்கும் ஆய்வகம் 1948இல் கிண்டியில் அமைந்தது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் பிசிஜி ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுப்பதில்லை என்ற கசப்பான முடிவைத் தந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காசம் போன்ற கொடிய வகைகளிலிருந்து அது காப்பதால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடப்படுகிறது.

எச்.ஐ.வி. காலத்தில் சானடோரியம் மீண்டும் முன்னுக்கு வந்தது. 1986இல் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். பிறகு தாம்பரம் நாட்டின் மிகப்பெரிய சிகிச்சை மையங்களுள் ஒன்றாயிற்று. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டுமருந்து தரத் தொடங்கிய முதல் மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்க, கர்ப்பிணிகளுக்கு இரத்தப் பரிசோதனையும் அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனையும் வந்தன. அதற்கென அரசு மருத்துவமனைகளில் அமைந்த 'நம்பிக்கை மையங்கள்' ஒரு புதிய பணியாளரைக் கொண்டுவந்தன: ஊசி போடாத, மருந்து தராத, உட்கார்ந்து பேசுவதையே வேலையாகக் கொண்ட ஆலோசகர். மருத்துவமனைக்குள் பேச்சையும் ஒரு சிகிச்சையாக மதித்த அரிய ஏற்பாடு இது. சாதாரணப் பிரசவத்துக்கு வந்த தாய்க்கு இப்படி ஓர் ஆலோசகர் கிடைத்ததில்லை.

கிராமங்களில் அந்த இடத்தை நிரப்பியவர் கிராம சுகாதார செவிலியர், மக்கள் வாயில் நர்சம்மா. சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர். யார் வீட்டில் யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதை அந்த வீட்டுக்காரருக்கு முன்பே அறிந்தவர் அவர். 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இன்னொரு வழியைக் காட்டியது. உள்ளூர்ப் பெண் பணியாளர், 6 மாதம் முதல் 3 வயது வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு தந்தார். அந்தத் தாயிடம் உட்கார்ந்து பேசினார். எடை அட்டையில் கோடு கீழே சரிவதைக் கண்ணால் பார்த்த தாய்க்கு அறிவுரை கசக்கவில்லை.

1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் வழிகாட்டலைப் பணத்தோடு இணைத்தது. ஏழைக் கர்ப்பிணிக்கு முதலில் 300 ரூபாய், 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000. பதிவு, பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி என்று ஒவ்வொரு படி முடிந்ததும் தவணை வரும். பணம் தாமதமாக வருகிறது என்ற குறை எப்போதும் உண்டு. ஆனாலும் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற பாடத்தை எந்தச் சுவரொட்டியையும்விட இத்திட்டமே வீடு வீடாகக் கொண்டுசென்றது.

சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்த 'சர்க்கரைத் தண்ணீர்' பரிசோதனையும் தமிழ்நாட்டின் பங்களிப்பாகக் குறிப்பிடத்தக்கது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது இதன் முறை. வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. விடிகாலையில் பேருந்து பிடித்து, சாப்பிடாமல் வரிசையில் நிற்க முடியாத கர்ப்பிணியை மனத்தில் வைத்து ஒரு சோதனையை வடிவமைப்பதும் நல்ல வழிகாட்டல்தான். 2007 முதல் மாநில அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதை ஏற்றது.

தடுப்பூசியின் கதை அவ்வளவு நேரானதல்ல. தமிழ்நாட்டில் புதன்கிழமை ஊசி நாள். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊசி போடும் பணி ஊர்த் துணை நிலையங்களிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். ஆனால் தாய்க்குத் தூரம் கூடியது. முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 2005-06இல் 80.9 விழுக்காடாக இருந்து, 2015-16இல் 69.7 ஆகச் சரிந்தது. இடையில் 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியை நாட்டிலேயே முதலில் கேரளமும் தமிழ்நாடும் தொடங்கியிருந்தன. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகள் பரவின. படித்த பெற்றோர் பலரே பின்வாங்கினர். பொறுமையாகப் பதில் சொன்ன செவிலியர்களாலும் ஆசிரியர்களாலும் நிலைமை மீண்டது. 2019-21 கணக்கெடுப்பில் விழுக்காடு 89.2.

மொத்தக் கணக்கில் பார்த்தால் தமிழ்நாட்டின் சாதனை பெரிது. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 2001-03இல் 134, 2018-20இல் 54. குழந்தை இறப்பு 2020இல் ஆயிரத்துக்கு 13. ஒவ்வொரு தாயின் இறப்பையும் வீட்டிலும் மருத்துவமனையிலும் விசாரித்துக் காரணம் கண்டறியும் வழக்கம், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008இல் வந்த 108 ஊர்தி, பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்க 2004இல் கிடைத்த அனுமதி ஆகியவை இதற்குத் துணைநின்றன. 2019-21இல் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனையில் நடந்தன.

அதே கணக்கெடுப்பின் மற்ற எண்கள் வேறு கதை சொல்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 60.2 விழுக்காடு, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே பெற்றவை 55.1. அறுவைப் பிரசவம் 44.9, தனியார் மருத்துவமனைகளில் 63.8. கர்ப்பிணிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு இரத்தசோகை. லூசி வில்ஸ் காலத்துப் பிரச்சினை இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. பெண்ணை மருத்துவமனைக்கு வரவழைப்பதில் வென்ற அரசு, வந்தவளிடம் பேசுவதில் அந்த அளவு வெல்லவில்லை என்றே இவ்வெண்களைப் படிக்கவேண்டியிருக்கிறது. மாத்திரை கொடுத்தாயிற்று, பதிவேட்டில் குறித்தாயிற்று. அந்த மாத்திரை குமட்டுகிறது என்று சொன்னால், சாப்பாட்டுக்குப் பிறகு போடம்மா, டீ குடித்த கையோடு போடாதே என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

பழைய முறைகள் எல்லாவற்றையும் மருத்துவமனை ஒதுக்கிவிடவுமில்லை. குறைமாதக் குழந்தைக்கு நம் வீடுகளில் பால் புகட்டும் பாலாடை, புட்டிக்கு மாற்றாகப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்குள் அதே பெயருடன் நுழைந்து ஆய்வேடுகளிலும் ஏறிவிட்டது. 2015இல் அரசு மருத்துவமனைகளில் பிரசவித்த தாய்மார்களுக்குத் தரத் தொடங்கிய 16 பொருள்கள் கொண்ட பெட்டகத்தில் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் குழந்தை மருத்துவத்துக்குத் தனித் துறை உண்டு. இங்கே எச்சரிக்கை ஒன்று தேவை. பயிற்சிபெற்ற சித்த மருத்துவரிடம் போவது வேறு, பிறந்த குழந்தைக்குத் தாமாக வசம்பை உரைத்துப் புகட்டுவது வேறு. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும், சித்திரை வெயிலில் தண்ணீரும்கூட, குழந்தைக்கு வேண்டாம் என்பதே இன்றைய மருத்துவம் சொல்வது.

பீர்க்கன்கரணை போன்ற புறநகரில் வழிகாட்டல் சிக்கலாவதற்குக் காரணம் குடியிருப்பின் தன்மை. வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியோர் இங்கே நிறைய. அடுக்குமாடி வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும். ஒன்பதாம் மாதம் பெண் ஊருக்குப் போகிறாள். குழந்தைக்கு மூன்று மாதமானதும் திரும்புகிறாள். கர்ப்பகாலம் முழுவதும் பார்த்த செவிலியர் பிரசவத்தைப் பார்ப்பதில்லை. பிரசவம் பார்த்தவர் குழந்தை வளர்வதைப் பார்ப்பதில்லை. 2008இல் வந்த 'பிக்மி' என்ற கர்ப்பிணிகள் பதிவு முறை ஓர் எண்ணின் வழியே இந்தத் துண்டுகளைக் கோத்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்கப்படுவதால் பதிவு தப்புவதில்லை. ஆனால் எண் ஊர் மாறிப் போகும். பழகிய செவிலியர் உடன்போக மாட்டார். மகப்பேறு விடுப்பு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம், தனியார் நிறுவனங்களில் 26 வாரம், வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு எதுவுமில்லை என்பதும் இதோடு சேர்ந்தது.

அந்த வெற்றிடத்தில்தான் கைப்பேசி நுழைகிறது. 2018இல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு பெண் இறந்தார். 2024இல் குன்றத்தூர் அருகே ஒரு தம்பதி வாட்ஸ்அப் குழுவின் துணையோடு வீட்டில் பிரசவம் பார்த்தது செய்தியாயிற்று. அக்குழுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். இவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று தள்ளிவிடுவது எளிது. மருத்துவமனையில் கேள்வி கேட்டால் கடிந்துகொள்கிறார்கள், அறுவையைத் திணிக்கிறார்கள் என்ற அச்சமும் இதற்குப் பின்னால் இருக்கிறது. உதிரப்போக்கு தொடங்கிவிட்டால் ஒரு குழுவின் ஆறுதல் சொற்கள் எதையும் நிறுத்தாது என்பது அந்த அச்சத்தைவிடப் பெரிய உண்மை.

பிரசவத்துக்குப் பின் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து தாயையும் குழந்தையையும் பார்க்கவேண்டும் என்பது நாட்டின் வழிமுறை. அப்படி யாரும் வராவிட்டால் பெற்றோர் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம், 104 எண்ணில் ஆலோசனை பெறலாம். குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடல் சில்லிட்டால், மூச்சு வாங்கினால், தாய்க்கு உதிரப்போக்கோ காய்ச்சலோ கண்டால் 108ஐ அழைத்துவிடுங்கள்.