ஐம்பத்து நான்கு ஆட்டங்கள்

டக் நிக்கோல்ஸ் ஃபிட்ஸ்ராய் அணிக்காக ஆடியது மொத்தம் 54 ஆட்டங்கள். 1932இல் தொடங்கி 1937இல் முடிந்துவிட்டது. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் முந்நூறு, நானூறு ஆட்டம் ஆடியவர்கள் எல்லாம் உண்டு. அந்தக் கணக்கில் இவர் வந்துபோனவர், அவ்ளோதான். ஆனால் இன்று அந்த லீக் ஆண்டுதோறும் ஒரு சுற்றையே இவர் பெயரில் நடத்துகிறது. ஏன் என்று தேடப்போய்த்தான் இந்த மனிதர் எனக்குக் கிடைத்தார்.

முதலில் ஆட்டம். நீள்வட்ட மைதானம், அணிக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து. எதிராளியின் தோளில் எகிறி ஏறிக்கூடப் பந்தைப் பிடிக்கலாம். நெட்டையர்களுக்குத் தோதான ஆட்டம். நிக்கோல்ஸின் உயரமோ ஐந்தடி இரண்டங்குலம். மைதானத்தின் ஓரத்தில், 'விங்' பகுதியில் ஆடுவார். வேகம்தான் அவருடைய சொத்து. ஓட்டப்பந்தயங்களில் பரிசுப்பணம் வென்ற கால்கள் அவை.

1906இல் மர்ரே ஆற்றங்கரையில், கம்மராகஞ்சா என்ற பூர்வகுடிக் குடியிருப்பில் பிறந்தார். யோர்ட்டா யோர்ட்டா இனம். அங்கே யார் இருக்கலாம், யார் வெளியேற வேண்டும் என்பதை அரசாங்கம் வைத்த ஆள் முடிவு செய்வார். எட்டு வயதில், அவர் கண்ணெதிரே போலீஸ் வந்து அக்கா ஹில்டாவைக் கொண்டுபோனது, பூர்வகுடிப் பெண்களுக்கு வீட்டுவேலை பழக்கும் விடுதிக்கு.

1927இல் மெல்போர்னில் கார்ல்டன் அணியில் சேர முயன்றார். ஆட்டக்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிட ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் நிக்கோல்ஸைத் தொட மறுத்தார்கள். நிறம்தான் காரணம். இதற்கு நம்ம மொழியில் தனிச்சொல்லே இருப்பதால் மேலே விளக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து நார்த்கோட் அணிக்குப் போனார். 1929இல் அந்த அணி கோப்பை வென்றது. இடையில் காசுக்காக ஜிம்மி ஷார்மனின் குத்துச்சண்டைக் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றினார். பிறகுதான் ஃபிட்ஸ்ராய். உடைமாற்றும் அறையில் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில், அணியின் பெரிய நட்சத்திரமான ஹேடன் பன்டன் வந்து உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். பெரிய புரட்சி ஒன்றுமில்லை, ஒரு மனுஷன் இன்னொரு மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த அறையில் அதுவே பெரிசு. 1935இல் விக்டோரியா மாநில அணிக்கும் நிக்கோல்ஸ் ஆடினார்.

இந்த இடத்தில் கதையை 'திறமை வென்றது' என்று முடித்துவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. கூட்டம் கைதட்டியது ஒரு ஆட்டக்காரருக்கு. அவருடைய மக்களுக்கு அல்ல. நாட்டின் மக்கள்தொகையை எண்ணும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்று அப்போது அரசியல் சட்டத்திலேயே எழுதியிருந்தது. நிக்கோல்ஸ் இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டவர் என்றுதான் நினைக்கிறேன். கைதட்டலை அவர் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார். உறவினர் வில்லியம் கூப்பர் நடத்திய உரிமைப் போராட்டத்தில் சேர்ந்தார். 1938 ஜனவரி 26 அன்று, வெள்ளையர் வந்திறங்கிய 150ஆம் ஆண்டை சிட்னி கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அதே ஊரில் பூர்வகுடிகள் கூடித் துக்கநாள் அனுசரித்தார்கள். அங்கே பேசியவர்களில் இவரும் ஒருவர்.

முழங்கால் காயங்கள் ஆட்டத்தை முடித்துவைத்தன. 1941இல் ராணுவத்தில் சேர்ந்தவரை அடுத்த ஆண்டே விடுவிக்கச் சொல்லிக் கேட்டது ஃபிட்ஸ்ராய் போலீஸ். அந்தப் பகுதிப் பூர்வகுடிகளிடையே வேலை செய்ய ஆள் வேண்டுமாம். அக்காவைக் கூட்டிப்போனதும் போலீஸ்தான். வந்தார், போதகரானார், வீடில்லாதவர்களுக்கு இடம் தேடினார். அரசியல் சட்டத்தின் அந்த வரியை 1967 வாக்கெடுப்பு நீக்கியபோது, அதற்காக ஊர் ஊராகப் பேசியவர்களில் அவரும் இருந்தார்.

1972இல் 'சர்' பட்டம். 1976 டிசம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடி. உடல்நலம் கெட்டு ஐந்தே மாதத்தில் விலகினார். ஆட்டத்தைப்போலவே இதுவும் குறுகியது. நீளமாக இருந்தது, நடுவே யாரும் கைதட்டாத அந்த முப்பது சொச்சம் வருஷங்கள்தான்.

1988இல் இறந்தார். கம்மராகஞ்சாவில் புதைத்தார்கள்.